ராத்திரி ஒன்றரை மணிக்கு வரும் தலைவலி

கேள்வி: "எங்களுக்குத் தங்கச்சிமடம் பக்கம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு 37 வயசு, விசைப்படகுல டிரைவரா போறாக. நாலு வருசமா மீன்பிடித் தடைக்காலம் தொடங்குனா ஒரு தலைவலியும் கூடவே தொடங்கிருது. ராத்திரி ஒன்றரை ஆனா எந்திரிச்சிருவாக. எப்பவும் வலது கண்ணுக்குள்ளதான். அந்தக் கண்ணு மட்டும் செவந்து தண்ணியாக் கொட்டும், அந்தப் பக்க மூக்கு அடைச்சுக்கும். படுக்க மாட்டாக, உக்கார மாட்டாக. வாசலுக்கும் கொல்லைக்குமா நடப்பாக, செவத்துல முட்டுவாக. ஒரு மணி நேரத்துல நின்னுரும். விடிஞ்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலை பாப்பாக. ரெண்டு மாசம் இப்படி, அப்புறம் அடுத்த வருசம்தான். சைனஸுன்னு மூக்கைக் கழுவி விட்டாக, கடவாய்ப் பல்லு ரெண்டைப் புடுங்கியாச்சு, கண்ணாடி போட்டாச்சு. தலை ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாக. தொழில் இல்லாத மாசத்துல குடிக்கிறதாலதான்னு சனம் பேசுது. அத்தை, ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போய்த் தங்க வைக்கணும்ங்கிறாக. போன வாரம் 'இந்த வலியோட இருக்கிறதுக்கு இல்லாமலே போயிரலாம்'னு அவுக சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இது மனநோயா? தீருமா? கடலுக்குப் போகலாமா? எம் பையனுக்கும் வருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

இது மனநோய் இல்லை. வீட்டில் முடிவு எடுக்கப்போவது இந்த ஒரு பதிலை வைத்துத்தான் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு வருவது கிளஸ்டர் தலைவலி என்று நினைக்கிறேன். கொத்துத் தலைவலி என்று தமிழில் எழுதுகிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நோய், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். நேரில் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனாலும் எந்தக் கண், எத்தனை மணி, எவ்வளவு நேரம், எந்த மாதம் என்று நீங்கள் எழுதியிருக்கும் அளவுக்குத் தெளிவாக எங்களிடம் வரும் பரிந்துரைச் சீட்டுகளில்கூட இருப்பதில்லை. நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதியை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

மருந்துக்குப் போகுமுன், அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைப் பற்றி. வலியில் ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட வேண்டாம். மனித உடம்புக்கு வரக்கூடிய மிகக் கொடிய வலிகளில் இது ஒன்று. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இந்த நோய் வந்தால், பிரசவ வலியைவிட இது மோசம் என்று அவர்களே சொல்வதுண்டு. பகலில், வலி இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "உசிரை விட்டுரலாம்னு நெனப்பு வருதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால்தான் அவர் மனம் திறந்து சொல்ல வழி கிடைக்கும். இந்த வாரங்களில் அவருடைய தம்பியோ கூட்டாளியோ உங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள்ளட்டும். ராத்திரி வலியோடு கடற்கரைப் பக்கம் தனியாகப் போக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள் உங்கள் கையில் இருக்கட்டும். மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம், அவரும் பேசலாம். முடிவெடுத்துவிட்டேன் என்பதுபோல் அவர் பேசினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வலி அடங்கினால் இந்த எண்ணமும் பெரும்பாலும் தானாக விலகிவிடுகிறது. அடக்குவதற்கு வழிகள் இருக்கின்றன.

இனி, ஏன் இதுதான் நோய் என்று நினைக்கிறேன் என்பதற்கு வருகிறேன். கிளஸ்டர் வலி 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை நிற்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று குறைவாகவும் வரும், ஒரே நாளில் எட்டுத் தடவை வரைக்கும் வரும். ஒரு கண்ணைச் சுற்றி, அல்லது அதே பக்க நெற்றியிலும் பொட்டிலும்தான் வலிக்கும். வலிக்கும் பக்கம் மட்டும் கண் சிவக்கும், நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை பாதி இறங்கும். இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக எடுத்துக்கொள்வது நீங்கள் எழுதிய அந்த நடையைத்தான். மைக்ரேன் வந்தவர் விளக்கை அணைக்கச் சொல்லி, சத்தம் போடாதே என்று சொல்லி, அசையாமல் படுத்துக்கொள்வார். கிளஸ்டர் வந்தவரால் ஓரிடத்தில் இருக்கவே முடியாது. நடப்பார், குனிவார், உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவார், தலையைச் சுவரில் முட்டுவார். உலகம் முழுக்க மருத்துவர்கள் இந்த நோயை அடையாளம் காண வைத்திருக்கும் விதிகளிலேயே இந்த அமைதியின்மை ஒரு குறியாக இடம்பெற்றிருக்கிறது. உங்கள் அத்தை எதைப் பார்த்துப் பைத்தியம் என்று பயப்படுகிறாரோ, அதை வைத்துத்தான் நாங்கள் இது மைக்ரேன் இல்லை என்று பிரித்து அறிகிறோம்.

அவசரப் பிரிவில் ஒருவரை இப்படிப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறார் என்று வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்தால், நெற்றியில் இடது பாதி வியர்வையில் நனைந்திருக்கிறது, வலது பாதி காய்ந்திருக்கிறது. இடது இமை பாதி மூடியிருக்கிறது, அந்தக் கண்ணின் பாவை சுருங்கியிருக்கிறது. குடியோ கோபமோ முகத்தை இப்படி நடுக்கோடு போட்டுப் பிரிக்காது. ஆக்சிஜன் முகமூடியை மாட்டினோம். முதலில் காலை உதைத்துக்கொண்டே இருந்தவர், கால் மணி நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீ கிடைக்குமா என்று கேட்டார்.

ஏர்வாடி தர்காவுக்குப் போய் வேண்டிக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. உங்கள் கரையில் எல்லா மதத்தாரும் நம்பிப் போகும் இடம் அது. அத்தையின் மனம் ஆறுதல் அடையுமென்றால் ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். தங்க வைப்பது மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. மனநோய் உள்ளவர்களுக்கே அது செய்யக்கூடாத கொடுமை. மூளையின் அடியில் ஒரு சிறு பகுதி தப்பாக விழித்துக்கொள்வதால் வலிக்கும் ஒருவரை எந்தப் பெயரிலும் எங்கேயும் அடைத்து வைக்க வேண்டியதில்லை.

அந்தச் சிறு பகுதிக்கு ஹைப்போதலாமஸ் என்று பெயர். தூக்கம், பசி, உடம்புச் சூடு, பகல் இரவுக் கணக்கு எல்லாம் அதன் பொறுப்பு. 1998-ல் லண்டன் ஆய்வாளர்கள், வலி நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் மூளையைப் பெட் ஸ்கேனில் படமெடுத்து, வலிக்கும் பக்கத்து ஹைப்போதலாமஸ் மும்முரமாக வேலை செய்வதைக் காட்டினார்கள். உடம்பின் கடிகாரம் அங்கேதான் இருக்கிறது என்பதால், வலி ஒரே மணிக்கு எழுப்புவதிலும் ஒரே பருவத்தில் திரும்பி வருவதிலும் வியப்பில்லை. கண்ணயர்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி எழுப்புவது இந்த நோயில் மிகச் சாதாரணம். அங்கிருந்து கிளம்பும் கிளர்ச்சி, முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டு போகும் முக்கிளை நரம்பைத் தூண்டுகிறது. நெற்றி, கண், கன்னம், மேல் பல்வரிசை, கீழ்த் தாடை எல்லாம் அந்த ஒரே நரம்பின் கிளைகள். கண்ணீரையும் மூக்கு நீரையும் சுரக்க வைக்கும் நரம்புகளையும் அது சேர்த்துத் தட்டிவிடுகிறது.

உங்கள் கணவர் பல்லை இழந்ததும் மூக்கைக் கழுவிக்கொண்டதும் இதனால்தான். கடவாய்ப் பல் வலிப்பதுபோல் இருக்கும், பல்லில் ஒன்றும் இருக்காது. மூக்கு அடைக்கும், சைனஸில் சீழ் இருக்காது. சரியான பெயர் தெரிய வருடக்கணக்கில் ஆவது வெளிநாடுகளிலும் நடக்கிறது. ஆளைப் பகலில்தான் டாக்டர் பார்க்கிறார், வலியோ ராத்திரியில் வந்து போய்விடுகிறது. சைனஸ் என்றால் நாள்கணக்கில் கனமாக வலிக்கும், மஞ்சள் சளி வரும், காய்ச்சல் இருக்கும். ஒரு மணி நேரம் உயிரை வாங்கிவிட்டு மிச்சம் 23 மணி நேரம் விட்டுவைக்கும் சைனஸ் கிடையாது. இனி யார் சொன்னாலும் பல்லில் கை வைக்க விடாதீர்கள்.

தடைக்காலம் இந்த நோயைக் கொண்டுவரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாளும், உங்கள் கணவரின் மூளை தேர்ந்தெடுத்த பருவமும் ஒன்றாக விழுந்திருக்கின்றன. ஒரு பருவத்தில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்துவிட்டுப் பிறகு மறைந்துபோவதுதான் இதன் வழக்கம். நோயாளிகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இப்படித்தான். மற்றவர்களுக்கு இடைவெளியே இல்லாமல் ஆண்டு முழுக்க வரும். ஆனால் தடைக்காலத்து வாழ்க்கை எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறது என்பது உண்மை. மற்ற மாதங்களில் கடலில் விழித்துக் கழிந்த இரவுகள் திடீரென்று வீட்டுத் தூக்கமாக மாறுகின்றன. படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கும் காலமும் அதுதான். பெயின்ட், தின்னர், டீசல் வாடை அந்தப் பருவத்தில் சிலருக்கு வலியைக் கிளப்பிவிடும். அவருக்கும் அப்படி என்றால், இந்த வாரங்களில் பெயின்ட் வேலையை வேறொருவர் பார்க்கட்டும். பகலில் நீட்டிப் படுத்துத் தூங்குவதையும் குறைக்க வேண்டும்.

குடியைப் பற்றி ஊர் பேசுவதில் ஒரு பாதி சரி. குடி இந்த நோயை உண்டாக்குவதில்லை, குடிக்காதவர்களுக்கும் வருகிறது. ஆனால் பருவம் நடக்கும்போது கொஞ்சம் உள்ளே போனாலும் பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலியைக் கூப்பிட்டுவிடும். அதே ஆள் அதே அளவை மற்ற மாதங்களில் குடித்தால் இந்த வலி வராது. இதைப் பழியாகச் சொல்லாமல் தகவலாக அவரிடம் சொல்லுங்கள். ராத்திரி வலியில் ஒருமுறை பட்டவர் இதை நம்புவார். பீடி சிகரெட் பழக்கமும் இந்த நோயாளிகளிடம் அதிகம் காணப்படுகிறது. அதை விட்டால் தலைவலி நின்றுவிடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. கீழே சொல்லப்போகும் மருந்துகள் இதயத்தைத் தொடுபவை, ஆக்சிஜனோ நெருப்போடு சேராதது. ஆகவே விட்டுவிடுவது நல்லது.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். அடுத்த முறை வலி வரும்போது வேறொருவரை அவர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, செல்போனில் விளக்கைப் போட்டு அவர் முகத்தை ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். இரண்டு கண்ணும் தெரிய வேண்டும், பிறகு அவர் நடப்பதும் கொஞ்சம் தெரிய வேண்டும். எடுக்கப்போவதைப் பகலிலேயே அவரிடம் சொல்லி வையுங்கள். அந்த ஒரு நிமிடம் நான்கு வருடத்து ஸ்கேன்களைவிட அதிகம் பேசும். சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் தொடங்கிய மணி, நின்ற மணி, என்ன கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இவற்றோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்பச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

முன்பு எடுத்தது சி.டி. ஸ்கேன் என்றால் ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள். பிட்யூட்டரி சுரப்பிக் கட்டி போன்ற சில கோளாறுகள் அபூர்வமாக இதே வேடத்தில் வரும். கண் அழுத்தம் திடீரென்று ஏறினாலும் கண் சிவந்து வலிக்கும், ஆனால் அப்போது பார்வை மங்கும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கண் மருத்துவர் அழுத்தத்தை ஒருமுறை அளந்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும். இதே குடும்பத்தில் இன்னொரு வலி இருக்கிறது. அது 2 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரைதான் நிற்கும், நாளைக்கு ஐந்து தடவைக்கு மேலும் வரும். அதற்கு இண்டோமெத்தசின் என்ற மாத்திரை முழுமையாகக் கேட்கும், கிளஸ்டருக்கு அப்படிக் கேட்காது. உங்கள் கணவரின் கணக்கு இதோடு ஒத்துவரவில்லை. இருந்தாலும் உங்கள் ஊரில் வேறு யாருக்காவது, குறிப்பாகப் பெண்களுக்கு, இப்படி அடிக்கடி வந்து சட்டென்று போகிறது என்றால் இந்த வரி அவர்களுக்கு உதவும். ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும், கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், வலி போன பிறகும் இறங்கியே இருக்கும் இமை, இவற்றில் எது வந்தாலும் கிளஸ்டர்தானே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மெடிக்கல் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் இதற்கு வேலைக்கு ஆகாது. பாரசிட்டமாலோ டைக்ளோஃபெனாக்கோ வயிற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறுவதற்குள் வலி தன் நேரத்தை முடித்துக்கொண்டு போய்விடும். மாத்திரையால் நின்றது என்று நினைத்து மறுநாள் இரண்டாகப் போடுவார்கள். இரண்டு மாதம் தினமும் டைக்ளோஃபெனாக் போட்டு, வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடித்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். அவர் இதுவரை எவ்வளவு போட்டிருக்கிறார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

வலி வந்த நேரத்தில் நிறுத்த இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன. முதலாவது ஆக்சிஜன். கலப்பில்லாத ஆக்சிஜனை நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வேகத்தில், பை வைத்த முகமூடி வழியாக, 15 முதல் 20 நிமிடம் இழுக்க வேண்டும். லண்டனில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், இப்படி ஆக்சிஜன் இழுத்தபோது 78 சதவீத வலிகள் 15 நிமிடத்தில் அடங்கின. வெறும் காற்றை அதேபோல் கொடுத்தபோது அடங்கியவை 20 சதவீதம்தான். இதை நம் ஊரில் எழுதிக் கொடுக்கவே பலர் தயங்குகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அபாயம் குறைவு, நாளில் எத்தனை முறை வந்தாலும் கொடுக்கலாம், சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. ராமநாதபுரத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வலி போய்விடும் என்பதால், பருவம் முடியும் வரை சிலிண்டர் உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். டாக்டர் சீட்டில் "ஆக்சிஜன்" என்று மட்டும் எழுதினால் போதாது. வேகம், நேரம், முகமூடியின் வகை மூன்றையும் எழுதி வாங்குங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கொரோனா சமயத்தில் பலர் வாங்கி வைத்த கான்சென்ட்ரேட்டர் மெஷினை யாராவது இரவல் கொடுக்க முன்வருவார்கள். அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தரும், இந்த வலிக்குப் போதாது. பி வகைச் சிலிண்டரில் ஏறக்குறைய 1500 லிட்டர் இருக்கும். ஒரு வலிக்கு 180 லிட்டர் என்று வைத்தால் எட்டு வலியைத் தாங்கும். பக்கத்தில் இன்னொன்று நிரப்பித் தயாராக இருந்தால் ராத்திரியில் அலைய வேண்டியதில்லை. வலி தொடங்கிய உடனேயே வைக்க வேண்டும், உச்சத்துக்குப் போன பிறகு வைத்தால் பலன் குறையும். முகமூடியை மாட்டுமுன் பை முழுதாக உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் குனிந்து, கன்னத்தோடு அழுத்திப் பிடித்து ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் காற்றுக் கசிந்தால் பாதி மருந்து வெளியே போகிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கையை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். அந்த அறையில் பீடி, விளக்கு, அடுப்பு, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. இன்ஜின் வேலை பார்த்த கிரீஸ் கையோடு சிலிண்டரின் வால்வைத் தொடவே கூடாது, மறை இறுகிவிட்டது என்று எண்ணெய் விடவும் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையில் பட்டால் தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். படகில் வேலை செய்யும் கை என்பதால் இதை அவருக்கும், உதவிக்கு வந்து படுக்கும் கூட்டாளிக்கும் சொல்லி வையுங்கள். சிலிண்டரைப் படகில் ஏற்றவே வேண்டாம்.

இரண்டாவது ஆயுதம் சுமாட்ரிப்டான் ஊசி. 6 மில்லிகிராம், தோலுக்கு அடியில் தானே போட்டுக்கொள்ளலாம், பலருக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கேட்கும். ஒரு நாளில் இரண்டுக்கு மேல் கூடாது. இதயநோய், பக்கவாதம், கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. அதனால் ரத்த அழுத்தமும் ஈ.சி.ஜி.யும் பார்த்த பிறகே எழுதித் தருவார்கள். எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். அதே மருந்தின் மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும், அதை வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம்.

வலி வராமல் தடுக்கும் மருந்துகளில் முதலில் கொடுப்பது வெராபமில். நாளைக்கு மூன்று வேளை 80 மில்லிகிராம் என்று தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். தொடங்குமுன்னும், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், ஏனென்றால் இது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தக் கூடியது. கூட்டம் அதிகம் என்று ஈ.சி.ஜி.யை விட்டுவிட்டால் நீங்களே கேட்டு எடுங்கள். மைக்ரேன் என்று யாராவது ப்ரோப்ரனோலால் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள், இரண்டும் சேர்ந்தால் துடிப்பு மிகவும் குறைந்துவிடும். மலச்சிக்கல் வரும், கால் வீங்கலாம். வெராபமில் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதுவரைக்கும் தாங்குவதற்கு ஸ்டீராய்டு மாத்திரையைச் சில நாள் கொடுத்துக் குறைத்துக்கொண்டே வருவார்கள், அல்லது பின்மண்டை நரம்பருகே ஓர் ஊசி போடுவார்கள். ஸ்டீராய்டு அதிசயம்போல் கேட்கும். பயமும் அங்கேதான். அடுத்த வருடம் அதே சீட்டைக் கடையில் நீட்டி நீங்களாகவே வாங்கிக் கொடுத்தால் சர்க்கரை ஏறும், உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளும், இடுப்பு எலும்பு பழுதாகும். வெராபமில் கேட்காதவர்களுக்கு லித்தியம் உண்டு. வெயிலில் வியர்த்து உழைப்பவர் அதை ரத்தப் பரிசோதனை இல்லாமல் சாப்பிடக் கூடாது, கூடவே டைக்ளோஃபெனாக்கும் போடக் கூடாது. 2019-ல் அமெரிக்காவில் கால்கனெசுமாப் என்ற ஊசிக்கு இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. விலை அதிகம், இப்போதைக்கு உங்களுக்கு அதன் அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன்.

தீருமா என்று கேட்டிருந்தீர்கள். அடியோடு எடுத்துவிடும் மருந்து இன்றைக்கு இல்லை. பருவம் திரும்ப வரும். ஆனால் வருவது முன்பே தெரியும் நோய் இது, உங்கள் பக்கம் இருக்கும் பெரிய பலம் அது. அடுத்த ஆண்டு மார்ச் கடைசியிலேயே காலண்டர் தாளையும் பழைய ஈ.சி.ஜி.யையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். முதல் வலி வந்த அன்றே மருந்து தொடங்கினால் இரண்டு மாதப் பாடு சில நாளில் அடங்கக்கூடும். வயது ஏற ஏறப் பருவங்களுக்கு இடையே உள்ள இடைவெளி பலருக்கு நீண்டுகொண்டே போகிறது.

மகனைப் பற்றிய கவலை வேண்டாம். நெருங்கிய உறவில் இந்த நோய் இருந்தால் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல் என்பது உண்மை. நோயே அபூர்வம் என்பதால் அப்படிக் கூடியும் அது சிறியதுதான், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. அவனுக்கு இப்போது எந்தச் சோதனையும் தேவையில்லை. அப்பாவை ராத்திரியில் அப்படிப் பார்த்துப் பயந்திருப்பான். "அப்பாவுக்குத் தலைக்குள்ள ஒரு நோவு, மருந்து இருக்கு, கொஞ்ச நேரத்துல போயிரும்" என்று அவனிடம் பேசுங்கள்.

கடலுக்குப் போவதைப் பற்றி உங்கள் கணவரிடமே நேராகச் சொல்கிறேன், இதைப் படித்துக் காட்டுங்கள். ஜூன் 15 வந்து தடை நீங்கும்போது உங்கள் பருவமும் முடிந்திருந்தால் தாராளமாகப் போங்கள். முடியவில்லை என்றால், காலையில் கிளம்பி மறுநாள் காலை திரும்பும் படகில் ஒன்றரை மணி உங்களைக் கடலில்தான் பிடிக்கும். ஒரு கண் மூடி நீர் வழிய, உட்கார முடியாத வலியோடு ராத்திரியில் படகு ஓட்டுவது பாக் நீரிணை மாதிரி குறுகிய கடலில் ஆபத்து. எல்லைக்கோடு எந்தப் பக்கம் என்று கவனிக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், மாட்டிக்கொண்டால் கூட வந்தவர்களும் சேர்ந்து சிறைக்குப் போவார்கள். படகு முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்லி, இந்த வாரங்களில் ராத்திரி ஓட்டும் பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கூட வருபவர்களில் ஒருவருக்காவது ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும். ஊசியைத் தண்ணீர் புகாத டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள், மீன் வைக்கும் ஐஸில் போட வேண்டாம், உறைந்தால் கெட்டுவிடும். இரண்டு வாரம் முழுதாக வலி இல்லாமல் கழிந்து, டாக்டர் மாத்திரையைக் குறைக்கத் தொடங்கி, அப்போதும் வலி திரும்பவில்லை என்றால் ராத்திரி ஓட்டத்தை மறுபடி உங்கள் கையில் எடுத்துக்கொள்ளலாம்.